வாலிற் கட்டிய நாடா

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கற்றோருக்கும் கற்பிப்போருக்கும் ஐஸாக் வோல்ற்றனின் பெயர் புதியதன்று. 1653இல் அவர் வெளியிட்ட ‘கொம்ப்ளீற் ஆங்கிளர்’ என்னும் நூல் தூண்டில் போடும் கலையை விளக்க எழுந்தது. எனினும் அதன் உரைநடைக்காகவே மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அது படிக்கப்பட்டு வருகிறது. மே மாதத்துக் காலை, புல்வெளி, பால் கறக்கும் பெண்ணின் பாட்டு, லவெண்டர் மணக்கும் படுக்கைவிரிப்புகளையுடைய சத்திரம், ஓடையிலே துள்ளும் மீன் ஆகியன நிறைந்த அந்நூலை அமைதியின் இலக்கியம் என்று ஆங்கில விமரிசகர் போற்றுவர். நம்மவரிற் பலரும் அதனையே திருப்பிச் சொல்லி வந்துள்ளனர். அந்த அமைதி எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிட்டியது என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்நூலில் வரும் மிகச் சிறியதொரு செய்தியை. சாமன் மீனைப் பற்றிய அத்தியாயத்தில், கடலை நோக்கிச் செல்லும் இளஞ் சாமன்களை ஆற்றில் அமைந்த மீன்வேலிகளிற் பிடித்து, அவற்றின் வாலில் நாடாவோ நூலோ கட்டி விட்டார்கள் என்றும், ஏறக்குறைய ஆறு மாதங்களின் பின் அதே இடத்தில் அவற்றிற் சிலவற்றை அதே அடையாளத்துடன் மீண்டும் பிடித்தார்கள் என்றும் வோல்ற்றன் கூறுகிறார். தகைவிலான் என்னும் சிறு பறவைகளிடத்தும் இத்தகைய சோதனை நடந்ததென்றும், அவை பழைய புகைபோக்கிக்கே திரும்பி வந்தன என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆற்றிலே தானாகத் திரியும் ஓர் உயிரை மனிதன் பிடித்து, கொல்லாமல், அதன் உடலில் ஒரு குறியை வைத்து விட்டதற்கு ஆங்கில மொழியிலுள்ள பழைய சான்றுகளில் இது ஒன்று. குறியிடுதல் இன்று பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. தூண்டிற்காரரின் ஒழுக்கம் என்று பேசப்படுவதன் உண்மையான உரைகல்லும் அதுவே என்பது எமது கருத்து. ஏனெனில் தூண்டில் முள்ளை விழுங்கச் செய்யும்போது மனிதனுக்கும் மீனுக்குமிடையே இருப்பது பசியோ விளையாட்டோதான். பிடித்த மீனின் உடலிலே ஒரு குறியை எழுதும்போதோ, அந்தக் குறியைப் படிக்கப்போகும் இன்னொரு மனிதன் அங்கே வந்துவிடுகிறான். அவன் யார் என்று கேட்டால் சமுதாயம் முழுவதும் அந்த ஓடைக்கரைக்கு வந்து நிற்கும்.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவுபடுத்தல் நன்று. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவனுக்கென ஆங்கிலம் தனிச்சொல் வைத்திருக்கிறது. தமிழில் அப்படியொன்றில்லை. நெய்தற் பாடல்களிலே வரும் பரதவன் உணவுக்கும் விற்பனைக்குமாகவே கடலுக்குப் போகிறான். வாய்க்காற்கரையிலே தூண்டிலுடன் குந்தியிருக்கும் சிறுவனும் மாலையில் மீனைத் தாயிடம் கொடுக்கவே எண்ணியிருக்கிறான். பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிட்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்புபவனுக்கு நம்மிடம் பெயரில்லை. ஆகவே ‘தூண்டிற்காரர்’ என்ற சொல்லை இக்கட்டுரையில் அந்தப் பொழுதுபோக்காளருக்கே வைத்துக்கொள்வோம்.

வோல்ற்றன் லண்டனில் துணி வாணிகம் செய்தவர், அரசனின் பக்கத்தவர். அவருடைய நூல் வெளிவந்தபோது இங்கிலாந்தில் அரசனில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் முதலாம் சாள்ஸின் தலை துண்டிக்கப்பட்டிருந்தது. 1651இல் வூஸ்ரர்ப் போரிலே தோற்றோடிய அரசகுமாரனின் அணிகலன் ஒன்றை மறைத்துக் காத்து ஒப்படைத்தவர்களுள் வோல்ற்றனும் ஒருவர். தோற்றுப்போன அணியைச் சேர்ந்தவர், வரலாறு தமக்கெதிராகத் திரும்பிவிட்ட வேளையில், லீ ஆற்றின் கரையிலே போய் அமர்ந்துகொண்டு அமைதியைப் போதித்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஓடைக்கரை அவருக்கு அரசியலிலிருந்து கிடைத்த விடுமுறை. அவருடைய நூலில் மனிதர் சண்டையிடுவதில்லை, பண்ணைக் குடியானவன் முணுமுணுப்பதில்லை, பாற்காரி பாடுகிறாள். மீன்களை உண்பதால் நீர்நாய் மட்டும் பகையாகக் கருதப்படுகிறது.

இந்த அமைதியின் நடுவிலே தவளை ஒன்று வருகிறது. பைக் என்னும் கொடிய மீனைப் பிடிப்பதற்கு உயிருள்ள தவளையின் வாய்வழியே கம்பியைச் செலுத்தி, காலைத் தைத்து, முள்ளில் மாட்டும் முறையை வோல்ற்றன் விரிவாகக் கற்பிக்கிறார். அதைச் செய்யும்போது தவளையை அன்புக்குரிய பொருளைப்போல மென்மையாகக் கையாள வேண்டும் என்கிறார். காரணத்தையும் மறைக்கவில்லை: தவளை நீண்ட நேரம் உயிருடன் இருக்க வேண்டும். பிற்காலத்தில் எழுந்த தூண்டில் ஒழுக்கம் முழுவதுக்கும் இந்த இடம் மூலவித்து எனலாம். இங்கு மென்மை உண்மையானது. அந்த மென்மை எதற்குப் பணிசெய்கிறது என்பதுதான் கேள்வி. 1823இல் வெளிவந்த ‘டொன் ஜுவா’னின் பதின்மூன்றாம் காண்டத்தில் பைரன் இந்தக் கிழவரின் மீது சீறி விழுகிறான், அவருடைய தொண்டையிலேயே ஒரு முள்ளை மாட்டி, சிறு மீனொன்றை விட்டு இழுக்கச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறான். பைரனின் கோபம் நமக்கு இனிக்கிறது. ஆயினும் அது பிரபுவின் கோபமே. கொடுமை ஒரு மனிதனின் குணத்திலே இருக்கிறதென்று அவன் எண்ணினான். ஆற்றங்கரை யாருடையது என்று வோல்ற்றனும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

வோல்ற்றனின் காலத்திலேயே அவருக்கு எதிர்க்குரல் இருந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வது அரிது. றிச்சட் பிராங் குரொம்வெலின் படையிற் பணியாற்றியவன். ஸ்கொட்லாந்தின் ஆறுகளில் நேரிற் சென்று சாமன் பிடித்தவன். 1658இல் எழுதி 1694இல் வெளியான தன் நூலில், வோல்ற்றன் ஆற்றைப் பார்க்காமல் ஏடுகளைப் பார்த்து எழுதியவர் என்று அவன் சாடுகிறான். பைக் மீன் ஒருவகை நீர்ப்பூண்டிலிருந்து தோன்றுகிறதென்ற பழைய ஏட்டுக் கதையை வோல்ற்றன் நம்பியதற்காக அவருடன் நேரில் வாதிட்டதாகவும், அவர் சினந்து போய்விட்டதாகவும் கூறுகிறான். பிராங்கின் நடை கரடுமுரடானது, சொற்சிலம்பம் மிகுந்தது, வோல்ற்றனின் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியாதது. நடையழகு இருந்தவருக்கு நூற்றாண்டுகள் கிடைத்தன. கண்ணாற் கண்டவனுக்கு 1821இல் வால்ற்றர் ஸ்கொட் பதிப்பித்த ஒரு மறுபதிப்புக் கிடைத்தது. இலக்கிய வரலாறு எவ்வாறு எழுதப்படுகிறதென்பதை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இனி நாடாவுக்குத் திரும்புவோம். மீனின் வாலில் நாடாவைக் கட்டியவர் யார்? வோல்ற்றன் பெயர் சொல்லவில்லை. ஆனால் மீன்வேலி என்ற சொல் சிறிது வெளிச்சம் தருகிறது. நம் யாழ்ப்பாணக் களப்பிலே களங்கட்டி போடுவதை ஒத்தவாறு, ஆற்றின் குறுக்கே கழிகளும் பின்னல்களும் கொண்டு அமைக்கப்படும் பொறி அது. அங்கே நிற்பவன் தூண்டிற்காரனல்லன். கூலிக்கோ குத்தகைக்கோ மீன்பிடிக்கும் தொழிலாளி. நாடா கட்டிய கை அவனுடையதாகவோ அவனை ஏவியவனுடையதாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது எமது ஊகம். ஆறு மாதம் என்ற கணக்குப் பிழையானது. கடலுக்குப் போன இளஞ் சாமன் குறைந்தது ஒரு மாரியையாவது அங்கே கழித்தே திரும்புகிறது என்பதை இன்று அறிவோம். எனினும் கேட்ட கேள்வி சரியானது: கடலுக்குப் போகும் மீன் பிறந்த ஆற்றுக்கே வருகிறதா? அந்த நாடாவைப் படிக்கவேண்டியவன் ஆர்வமுள்ள எந்த மனிதனாகவும் இருக்கலாம். அது எவருக்கும் உரிமை வழங்கவில்லை; எவருடைய உரிமையையும் பறிக்கவுமில்லை.

அறிவு இவ்வாறு வெள்ளையுள்ளத்தோடு நெடுநாள் இருக்க முடியவில்லை. பிரித்தானிய ஆறுகளிலே ‘பார்’ என்றொரு சிறுமீன் உண்டு. விரலடையாளம் போன்ற கறைகளை விலாவிலுடைய அம்மீனைத் தனியினம் என்றே பலர் கருதினர். கிராமத்துச் சிறுவரும் ஏழைகளும் அதனைப் பிடித்துத் தின்றனர். பக்லூ பிரபுவின் டிரம்லான்றிக் நிலத்திலே வேட்டைக்காவலனாயிருந்த ஜோன் ஷோ என்பவன் 1830களில் குளங்களில் வளர்த்துப் பார்த்து, பார் என்பது சாமனின் குழந்தைப் பருவமே என்று நிறுவினான். அறிவியலின் வரலாற்றில் ஒரு காவற்கூலியாள் பெற்ற இவ்வெற்றி போற்றத்தக்கது. ஆயினும் விளைவு என்ன? 1861இல் இங்கிலாந்துக்கென இயற்றப்பட்ட சாமன் மீன்பிடிச் சட்டம் சாமனின் இளமீனைப் பிடிப்பதைக் குற்றமாக்கியது. மீனினத்தைக் காக்க அது வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஆற்றிலே ஆலைக்கழிவைக் கொட்டி மீனைக் கொன்ற ஆலைமுதலாளியைவிட, கையிலே ஒரு பாரைப் பிடித்த சிறுவனே காவலனுக்கு எளிதில் அகப்படக் கூடியவன். ஸ்கொட்லாந்திலோ சாமன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து பிரிந்த தனிச் சொத்தாகவே இருந்தது; ஆற்றங்கரையிற் பிறந்தவனுக்கு ஆற்றுச் சாமனில் உரிமையில்லை.

இந்த மரபிலே வளர்ந்தவர்களே 1880களில் நம் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளுக்கு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். மலையகத்தில் லயன் அறைகளிலே தமிழ்த் தொழிலாளர் அடைந்து கிடந்த காலத்தில், துரைமாருக்கு ஓய்வுநாளில் ஓர் இங்கிலாந்து வேண்டியிருந்தது. அந்த மீன்கள் பின்னர் நமது மலைநீரின் சொந்த உயிர்களைத் தின்றன என்பது வேறு கதை. அதை இங்கு விரிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே தூண்டில் இலக்கியத்தின் உயர்ந்த படைப்பு ஹெமிங்வேயின் ‘பிக் ரூ ஹாட்டட் றிவர்’ என்னும் சிறுகதை. 1925இல் வெளிவந்தது. போரிலிருந்து மீண்ட நிக் என்னும் இளைஞன், தீயில் எரிந்துபோன ஊரொன்றில் இறங்கி, தனியே நடந்து, ஆற்றங்கரையிற் கூடாரமடித்து, மீன்பிடிக்கிறான். போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மௌனமே கதை என்பதை நமது எழுத்தாளர் பலரும் அறிவர். அதில் ஒரு சிறு செயல் வருகிறது. சின்ன ட்ரவுட் ஒன்றை முள்ளிலிருந்து விடுவிக்குமுன் நிக் தன் கையை நீரில் நனைத்துக்கொள்கிறான். காய்ந்த கை பட்டால் மீனின் உடலை மூடியுள்ள வழும்பு கழன்றுவிடும். கழன்ற இடத்திலே வெண்பூஞ்சணம் படர்ந்து மீன் இறக்கும். நெருக்கமாகத் தூண்டில் போடப்படும் ஆறுகளிலே பூஞ்சணம் பூத்து மிதந்த மீன்களை அவன் முன்பு கண்டிருக்கிறான்.

தூண்டிற்காரரின் ஒழுக்கத்துக்கு இதனிலும் நேர்மையான சித்திரம் இலக்கியத்தில் இல்லையென்றே சொல்லலாம். வோல்ற்றனின் தவளையை நினைத்துப் பார்க்குக. அங்கே மென்மை முள்ளுக்குப் பணிசெய்தது. இங்கே முள்ளின் வேலை முடிந்தபின் கை மீனுக்காக நனைகிறது. மனிதக் கை தொட்ட இடமெல்லாம் விரும்பாமலே குறியிடுகிறது என்ற உணர்வு, போரிற் காயம்பட்ட ஒருவனுக்கே வரக்கூடியது. கலைஞன் என்ற முறையில் ஹெமிங்வே இங்கு வெற்றிபெறுகிறார். ஆனால் அதே பந்தியில் நிக்கின் மனம் எங்கே திரும்புகிறதென்று பாருங்கள். தன் கூட்டத்தைச் சேராத மற்றவர்கள் ஆற்றிலே நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆற்றைக் கெடுப்பவர் மற்றைய மனிதர், தனிமையே தூய்மை. அந்த மிச்சிகன் நாடு ஒஜிப்வே மக்களின் நாடு. அதே தொகுதியிலுள்ள ‘இந்தியன் காம்ப்’ என்ற கதையில் அம்மக்களை நேருக்குநேர் காட்டிய எழுத்தாளர், இந்த ஆற்றங்கரையில் அவர்களை முற்றாக அழித்துவிட்டார். காயம்பட்டவனுக்கு வெறுமையான ஆறு தேவைப்படுகிறது. ஆறு வெறுமையாக்கப்பட்டமை யாருக்கோ வேறொரு காயம்.

ஹெமிங்வேயின் கதை வந்த அதே 1925இல், அமெரிக்காவின் மறுகோடியிலுள்ள வாஷிங்ரன் மாநிலத்துச் சட்டசபை ஸ்டீல்ஹெட் என்னும் மீனை விளையாட்டு மீன் என்று பிரகடனப்படுத்தியது. கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் இனம் அது. மாரிகாலத்தில் ஆற்றுக்கு வருவதால், வேறு உணவு அருகிய மாதங்களிலே அங்குள்ள பழங்குடியினரை வாழவைத்தது. ஒரு பெயர் மாற்றத்தினால் அம்மீன் வலைக்கு விலக்கப்பட்டுத் தூண்டிலுக்கு உரித்தாக்கப்பட்டது. ஒரு மீனைக்கூடத் தொடாமல் காகிதத்திலேயே ஓர் இனம் முழுவதற்கும் குறியிடப்பட்டது என்றால் மிகையாகாது. பதினான்கு ஆண்டுகளின் பின், 1939இல், லீ வுல்வ் என்ற புகழ்பெற்ற தூண்டிற்காரர், நல்ல விளையாட்டு மீன் ஒரே தடவை மட்டும் பிடிக்கப்படுவதற்கு மிகவும் பெறுமதியானது என்ற கருத்தை வெளியிட்டார். பிடித்து விடும் இயக்கத்தின் வேதவாக்காக அது இன்றும் ஓதப்படுகிறது. அவ்வாக்கியம் பல மீன்களைக் காத்தது என்பது உண்மை. ஆனால் ‘பெறுமதி’ என்ற சொல்லைப் பாருங்கள்! உயிர் என்பதற்காகவன்றி, மீண்டும் மீண்டும் பயன்தரும் முதல் என்பதற்காகவே மீன் விடப்படுகிறது.

இப்போது செட்டையின் கதைக்கு வருவோம். சாமன், ட்ரவுட் குடும்பத்து மீன்களின் முதுகுச் செட்டைக்கும் வாலுக்குமிடையே சதைப்பற்றான சிறு செட்டையொன்று உண்டு. கொழுப்புச் செட்டை என்பர். அடியோடு வெட்டினால் மீண்டும் முளைக்காது. பயனற்ற உறுப்பென்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதிலும் நரம்புகள் ஓடுகின்றன என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பசிபிக் கரையின் ஆறுகளை மறித்துப் பேரணைகள் எழுந்தபோது, இழந்த மீனுக்கு ஈடாகப் பொரிப்பு நிலையங்கள் பெருகின. 1942இல் முடிவுற்ற கிராண்ட் கூலி அணை கொலம்பியா ஆற்றின் மேற்பகுதிக்குச் சாமன் ஏறுவதை முற்றாகத் தடுத்தது. 1957 மார்ச்சில் டாலஸ் அணையின் நீர், எண்ணற்ற தலைமுறைகளாகப் பழங்குடியினர் மேடைகட்டி நின்று மீன்பிடித்த சிலைலோ நீர்வீழ்ச்சியைச் சில மணி நேரத்தில் மூழ்கடித்தது. மின்சாரம் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போயிற்று. ஆற்றிலே பிறக்க வேண்டிய மீன் சீமெந்துத் தொட்டியிலே பிறந்தது.

முதலிற் பொரிப்பு நிலையத்து மீன்களிற் சிலவற்றின் மூக்கினுள்ளே ஒரு மில்லிமீற்றர் நீளமான குறியெழுத்துக் கம்பியைச் செலுத்தி, அதற்கு வெளியடையாளமாகக் கொழுப்புச் செட்டையை வெட்டி விட்டனர். செட்டையில்லாத மீன் கிடைத்தால் தலையை ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அம்மீன் எங்கே பிறந்து எங்கே போனதென்று அவர்கள் படித்தறிவர். அதாவது அந்தக் குறி வோல்ற்றன் சொன்ன நாடாவின் பேரக்குழந்தை. அது ஒரு கேள்வி. 1990களின் நடுப்பகுதியில் இருந்து அதன் பொருள் மாற்றப்பட்டது. பொரிப்பு நிலையங்களிலிருந்து கோடிக்கணக்கான குஞ்சுகள், பின்னாளில் தானியங்கி இயந்திரங்களாலேயே, செட்டை வெட்டப்பட்டு விடப்படலாயின. ஆற்றிலே பிறந்த மீன்கள் அருகி, சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிட்டமையால், தூண்டிற்காரர் எந்த மீனைக் கொல்லலாம் என்பதைக் கரையிலேயே அறிய வேண்டியிருந்தது. செட்டை இருந்தால் விடு, இல்லையேற் கொல். கேள்வியாயிருந்த குறி அனுமதிச்சீட்டாயிற்று. ஒரே வெட்டு, ஒரே மீன். படிப்பவன் மாறியதும் பொருள் மாறிவிட்டது. இலக்கிய விமரிசனம் பயில்வோர் ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்வதுபோல இச்செட்டையின் வரலாற்றையும் ஆராயலாம்.

அனுமதிச்சீட்டு என்று ஒன்று இருந்தால் கள்ளச்சீட்டும் வரும். வாஷிங்ரன் மாநிலத்து விதியிலே ஒரு நிபந்தனை இருக்கிறது: செட்டை இல்லாதிருந்தால் மட்டும் போதாது, அது இருந்த இடத்தில் ஆறிய தழும்பு காணப்பட வேண்டும். இந்த ‘ஆறிய’ என்ற ஒரு சொல்லைப் பெற்ற மாணவன், தூண்டிற்காரரின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றை ஒதுக்கி வைத்துவிடலாம். ஆற்றிலே பிறந்த ஸ்டீல்ஹெட்டைப் பிடித்து, யாரும் பாராதபோது கத்தியாற் செட்டையை அறுத்துவிட்டு, பொரிப்பு நிலையத்து மீனென்று சாதித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் கை இருக்கிறது என்பதனால் அல்லவா அச்சொல் அங்கே வேண்டியிருந்தது? பச்சைக் காயத்தைக் காவலர் கண்டுகொள்வர். ஆனால் அறுத்த மீனை நீரிலே விட்டுவிட்டால் என்ன செய்வது? காயம் ஆறியபின் அதைப் பிடிக்கும் எவனும் சட்டப்படி கொல்லலாம். அம்மீன் கணக்கெடுப்பிலும் தொட்டியிற் பிறந்ததாகவே எண்ணப்படும். ஆற்றின் பேரேட்டில் ஒரு பொய்க்கையொப்பம் விழுந்துவிடுகிறது.

இதற்குச் சொல்லப்படக் கூடிய நியாயங்கள் உண்டு. முள்ளை ஆழ விழுங்கிய மீன் விட்டாலும் சாகத்தான் போகிறது, அதை ஆற்றிலே அழுகவிடுவதால் யாருக்கு நன்மை என்று கேட்கலாம். இக்கேள்வியில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. விடப்படும் மீன்களில் ஒரு பகுதி பின்னர் இறக்கவே செய்கிறது. பிடித்து விடுதலைப் போற்றுவோர் இதை உரத்துச் சொல்வதில்லை. இன்னொருவர், நான் கொல்வதற்காக வெட்டவில்லை, இதே மீன் அடுத்த முறை வருமா என்று அறியவே சிறு அடையாளமிட்டேன் என்று சொல்லலாம். ஆர்வம் குற்றமன்று. தூண்டிற்காரரே ஆய்வாளருடன் சேர்ந்து முறைப்படி அடையாளமிடும் திட்டங்கள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றால் நல்ல அறிவும் கிடைத்துள்ளது. ஆனால் தன் தனிப்பட்ட ஆர்வத்தைப் பொதுவான எழுத்திலே கிறுக்குபவன் மற்றெல்லோருடைய படிப்பையும் குழப்புகிறான். நூலகத்து நூலின் பக்கத்தைக் கிழித்தவனும் படிப்பார்வத்தினாலேதான் கிழித்தேன் என்பான். ஆசிரியர்களான நம்மிற் பலர் அவனைச் சந்தித்திருக்கிறோம்.

ஆயினும் கள்ளக்கத்தியைக் கண்டிப்பதோடு நின்றுவிடுவது தூண்டில் ஒழுக்க நூலார் செய்யும் வேலை. அவர்களுக்கு எல்லாம் ஒரு கையும் ஒரு மீனும் ஒரு மனச்சாட்சியுமாகவே தெரிகின்றன. அந்தச் செட்டை ஏன் வெட்டப்பட்டது என்று கேட்டால், பின்னோக்கி அணைக்கும், அணையிலிருந்து அதைக் கட்டிய நலன்களுக்கும் போக வேண்டியிருக்கும். மீனின் முதுகிலுள்ள தழும்பு அணையின் தழும்பு. அணையைக் கட்டுவதென்ற முடிவிலே குரலற்றிருந்த மக்களோ வேறொரு கணக்கிற் குற்றவாளிகளாக்கப்பட்டனர்.

1854 டிசெம்பரில் மெடிசின் கிரீக் என்ற இடத்தில் நிஸ்குவாலி, பியுயல்லப் முதலிய மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்க அரசிடம் இழந்தபோது, வழக்கமாக மீன்பிடித்த இடங்களில் மற்றக் குடிமக்களோடு சேர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். அது அரசு கொடுத்த சலுகையன்று. அவர்கள் கொடாமல் வைத்துக்கொண்டது. பின்னாளில் அதே இடங்களில் வலை போட்டதற்காக அவர்களைச் சிறையிலிட்டனர். நிஸ்குவாலி ஆற்றங்கரையிற் பிறந்த பில்லி பிராங் 1945இல், பதினான்கு வயதில், முதன்முறையாகக் கைதுசெய்யப்பட்டான். அதன்பின் ஐம்பது தடவைகளுக்கு மேல் அவன் கைதானான். 1964இல் நடிகர் மார்லன் பிராண்டோ பியுயல்லப் ஆற்றிலே அம்மக்களோடு மீன்பிடித்துக் கைதானபோதுதான் பல பத்திரிகைகளுக்கு அங்கே ஓர் ஆறு இருப்பதே தெரிந்தது. 1974 பெப்ரவரியில் நீதிபதி ஜோர்ஜ் போல்ட், ‘சேர்ந்து’ என்ற ஒப்பந்தச் சொல்லுக்குச் சமபங்கு என்று பொருள்கொண்டு, பிடிக்கத்தக்க மீனிற் பாதி வரை அம்மக்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உயர்நீதிமன்றமும் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நீதிபதியின் கொடும்பாவி எரிக்கப்பட்டது. எரித்தவர் பக்கத்திலே, மீனுக்காக மனமிரங்குவதாகச் சொல்லிக்கொண்ட தூண்டிற்காரரும் நின்றனர்.

அம்மக்களிற் பலர் பிடித்து விடுதலை உணவோடு விளையாடுதல் என்று கருதுகின்றனர். ஆற்றிலே பிறந்த மீனைக் களைக்க இழுத்து, படம்பிடித்து, விட்டுவிட்டு, தான் கருணையுள்ளவன் என்று மகிழ்வது அவர்களுக்கு விளங்காத செயல். செட்டை வெட்டிப் பிரித்துப் பிடிக்கும் முறையையும் அவர்களுடைய மீன்வள மேலாளர் பலர் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர்: கம்பிக்குறியைக் கொண்டு மீனின் பயணத்தை அறியும் பழைய ஏற்பாடு இதனாற் குழம்பியது என்பது ஒன்று, விடப்பட்ட மீன்களின் சாவு யார் பங்கில் எழுதப்படும் என்பது இன்னொன்று. தழும்பு இல்லாத மீனுக்கும் விலை கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் யாரென்று தூண்டிற்காரரின் விதிநூல் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் கொண்ட ஒரு படைப்பை ஆங்கிலத் தூண்டில் இலக்கியத்தில் எதிர்பார்த்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கையை நனைத்த நிக்கின் நேர்மையும், ஏட்டை நம்பாது ஆற்றை நம்பிய பிராங்கின் பிடிவாதமும், வேலியிலே நின்று நாடா கட்டிய பெயரில்லாதவனின் கேள்வியும் அம்மரபிலே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் பேனா இதுவரை எமது கண்ணிற் படவில்லை. வோல்ற்றனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாற்காரியின் பாட்டோடு நிறுத்தாமல், அந்தச் சாமன் அத்தியாயத்தையும் மாணவருடன் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எல்வா என்ற ஆற்றை மறித்து நின்ற இரண்டு அணைகளும் 2011க்கும் 2014க்குமிடையே உடைத்தகற்றப்பட்டன. ஆறு தேறுவதற்காக மீன்பிடித்தலை நிறுத்தி வைத்திருந்த லோவர் எல்வா கிளாலம் மக்கள், 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தம் ஆற்றுக்குத் திரும்பிய கோஹோ சாமனைச் சடங்குக்கும் உணவுக்குமாக மீண்டும் பிடித்தார்கள்.